தலைமையாசிரியர் கடிதம்: விடுமுறையில் குழி, பள்ளி திறந்ததும் கன்று

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடப் போகிறோம். பள்ளி திறக்கும் வாரத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கன்று தர ஏற்பாடு செய்திருக்கிறோம். கன்று வீட்டுக்கு வந்த பிறகு இடம் தேடினால், அது தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கவரோடு கிடந்தே காய்ந்துபோகும். அதனால்தான் இந்தக் கடிதத்தை முன்னதாகவே அனுப்புகிறேன். உங்கள் வாசலையும் வீட்டுப் பின்புறப் பொடக்காலியையும் பிள்ளையோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். என்ன கன்று வேண்டும் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ஏன் ஆடியில் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். ஆடிப்பட்டம் விதைக்குச் சரி. பழக்கன்றுக்கு நம் பக்கம் அது ஒத்துவராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பல்லடம், தாராபுரம் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் இளங்கன்றை நிமிரவே விடாது. மழையோ மலைக்கு அந்தப்புறமே நின்றுவிடும். ஆண்டுக்கு நமக்குக் கிடைக்கும் 600, 700 மில்லிமீட்டரில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். புரட்டாசியில் குழி எடுத்து ஆறப்போட்டு, ஐப்பசி ஈரத்தில் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும்.

கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம் போதும். மா, சப்போட்டாவுக்கு மூன்றடி வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். அடியில் சுண்ணாம்புக்கல் தட்டினால் அதை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், திரும்பக் குழிக்குள் தள்ள வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் வெயில் படட்டும். பிறகு மேல்மண்ணோடு மக்கிய சாணமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடுங்கள். நம் ஊரில் கோழிப்பண்ணை எரு சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் அள்ளி வந்த சூட்டோடு போட்டால் இளவேர் கருகிவிடும். மாதக்கணக்கில் மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது தண்ணீர். "எங்கூட்ல உப்புத் தண்ணிதானுங்க டீச்சர், எலுமிச்ச வருங்களா?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இதைவிடச் சரியான கேள்வி இல்லை. எந்தப் பழம் பிடிக்கும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இதுதான். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். பல வீடுகளில் அது பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரை எலுமிச்சையும் மாவும் தாங்காது. நுனியிலை வெளுத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், பிறகு ஓரம் கருகும். உப்பும் சுண்ணாம்பும் செய்கிற வேலை அது, எத்தனை உரம் போட்டாலும் சரியாகாது. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சப்போட்டா, நெல்லி, மாதுளை, கொய்யா கேளுங்கள். இவை ஓரளவு உப்பைத் தாங்கும். நல்ல தண்ணீர் இருக்கிற வீட்டுக்கு எலுமிச்சை தருகிறோம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று கன்றுக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் எதற்கும் நல்லது. பப்பாளி சீக்கிரம் காய்க்கும், நட்ட பத்து மாதத்தில் பழம் பார்க்கலாம். ஆனால் அடியில் ஓரிரு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகிச் சாய்ந்துவிடும், மேடான இடம் வேண்டும்.

நடும் நாளில் பிள்ளையின் அவசரத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். கவரைப் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் எடுக்க வேண்டும். கவரோடு புதைத்த கன்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். ஒட்டுக் கன்று என்றால், ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடையாவது தெரிய வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுங்கள். அந்தத் துளிர் வளர்ந்தால் நாம் ஆசைப்பட்ட மரம் போய், வேர்ச்செடிதான் மரமாகும். காற்றுக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். சணலோ கம்பியோ தண்டை அறுக்கும். பனியன் வேஸ்ட் துணி இல்லாத வீடு நம் ஊரில் ஏது? அதை நாடாவாகக் கிழித்து, குச்சிக்கும் தண்டுக்கும் நடுவே எட்டுப் போட்டுக் கட்டினால் தண்டு பருக்கப் பருக்க அதுவும் இழுபடும்.

ஐப்பசியில் வைத்த கன்று தை வரை அநேகமாகத் தானாகவே தழைக்கும். மாசி பிறந்தால்தான் சோதனை. சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலை முதல் வருடக் கன்று தனியாகத் தாங்காது. மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்று சாய்த்து வையுங்கள். பாத்தியில் தேங்காய் மட்டையைக் குழிப்பக்கம் கீழாக அடுக்கி வைத்தால் ஈரம் நிற்கும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, மூன்று நாளைக்கொரு முறை ஒரு குடம் ஊற்றுவது மேல். சொம்புத் தண்ணீர் மேல்மண்ணோடு சரி, வேரும் தண்ணீரைத் தேடி மேலேயே வந்துவிடும். முழு ஆண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் அமுச்சி (பாட்டி) வீட்டுக்குப் போய்விடுவார்கள், நீங்களும் தறிக்கும் கம்பெனிக்கும் ஷிப்ட் போகிறவர்கள். அப்போதைக்கு ஒரு பழைய மண்பானையின் அடியில் சின்னத் துளையிட்டு, துணித்திரி சொருகி, கன்றுக்கு ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து நிரப்பி வையுங்கள். நான்கைந்து நாள் தாங்கும்.

லைன் வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருக்கிற பிள்ளைகள் தயங்கித் தயங்கி நின்றார்கள். யாரையும் விடப் போவதில்லை. பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் துளைகள் போட்டால் அதில் எலுமிச்சையோ மாதுளையோ வளரும். வீடு மாறினால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். டிரம்மும் வைக்க இடமில்லை என்றால், பள்ளியின் வடக்குச் சுவர் ஓரம் அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு குழி உண்டு. வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டுமானால் நானே வந்து பேசுகிறேன்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிப் புழுதான். வளர்ந்ததும் பச்சையாக மாறி, இலையை வேகமாகத் தின்னும். கையால் எடுத்துவிட்டால் போதும். ஒன்றிரண்டை டப்பாவில் போட்டு வகுப்புக்குக் கொண்டு வரட்டும், அறிவியல் பாடத்துக்கு ஆகும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். 2008இல் நம் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெளுத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். மருந்துக்கு அது மசியவில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. வீட்டில் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்த மாதிரிக் குளவிகள்தான்.

முதல் வருடம் பூத்தால் பூவைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அழுகை வரும். கன்று முதலில் உடம்பு பிடிக்கட்டும் என்று பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்லுங்கள்.

இதோடு இணைத்திருக்கும் சீட்டில் பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீரா உப்பா, தரையா டிரம்மா பள்ளிக் குழியா, எந்தக் கன்று என்று எழுதி, பள்ளி திறக்கும் முதல் நாள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் பிள்ளையிடம் வாயால் சொல்லியனுப்பினால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி