டீக்கடை அண்ணாவுக்கும், அன்னிக்கு ஷெட்ல இருந்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பாப்பா நல்லா இருக்கா. பர்த்டேக்கு வந்த கலர் பென்சில் டப்பாவ தொறந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா சீவித் தள்ளிட்டு இருக்கா, ஹால் முழுக்க குப்பை, நான் ஒண்ணும் சொல்லல, இன்னிக்கு என்ன வேணா பண்ணட்டும்.

என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். திரும்ப மொதல்லேர்ந்து சொல்ற தெம்பு எனக்கு இல்ல. சுகர் இருக்கற பாப்பாவுக்கு அன்னிக்கு பார்க்குல சுகர் ரொம்ப எறங்கிடுச்சு ('லோ'ன்னு சொல்வோம்), மீட்டர்ல 52, கையில இருந்த குளுக்கோஸ் காலைல வந்த லோவுக்கே தீந்தாச்சு, மிச்சம் இருந்த பை எங்க வீட்டுக்காரர்கிட்ட, இவரும் தாத்தாவும் மழையில பார்க்கோட அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. அவ்ளோதான். இது நன்றி சொல்ல மட்டும் எழுதறது.

நவம்பர் 14 தான் எங்க பாப்பா பொறந்தநாள். குழந்தைகள் தினம், அதனால ஸ்கூல்ல எப்பவுமே அவளுக்கு டபுள் குஷி. போன வருஷம் அவளுக்கு டைப் 1 நீரிழிவுன்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் அதே நாள் உலக நீரிழிவு தினம்னும் எங்களுக்குத் தெரிஞ்சுது. இன்சுலின் கண்டுபிடிச்ச பான்டிங் பொறந்தது 1891ல இதே நவம்பர் 14, அதுக்காகத்தான் அந்த நாள வெச்சாங்களாம். இத அவகிட்ட சொன்னப்போ "அப்போ அவரும் நானும் ஒரே பர்த்டேவா"ன்னு கேட்டா. அதுலேர்ந்து வீட்ல அவரு 'பான்டிங் தாத்தா' ஆயிட்டாரு.

ஊசி போட ஆரம்பிச்சதுக்கப்புறம் வர்ற மொத பொறந்தநாள், அதனால ஈசிஆர் பார்க்குக்கு போயே ஆகணும்னு ஒரே பிடிவாதம். நவம்பர் மாசம், வங்கக்கடல்ல தாழ்வு நிலைன்னு டிவில சொல்லிட்டே இருக்காங்க, எங்க மாமியார் வேற "மழையில எவனாவது ராட்டினம் சுத்த போவானா"ன்னு கேட்டாங்க, இருந்தும் கிளம்பினோம், சோழிங்கநல்லூர் தாண்டறப்பவே தூறல். உள்ள போயி கொலம்பஸ்ல ஒரு ரவுண்டு, டேஷிங் கார்ல ரெண்டு ரவுண்டு, குட்டி அவ்ளோ ஓடினா, அப்புறம் வானம் இருட்டிட்டு ஒரு இடி, ஜெயன்ட் வீலுலேர்ந்து எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. மின்னல் அடிக்கறப்போ அதுதானே சரி, அதுல ஒரு குறையும் இல்ல. எல்லாரும் ஓடி வந்து டேஷிங் கார் பக்கத்து தகர ஷெட்ல ஒதுங்கினோம். இதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இப்போ அந்த டீக்கடை அண்ணா பத்தி சொல்லணும்.

நான் கூட்டத்த தள்ளிக்கிட்டு போயி "அண்ணா சக்கர வேணும், சீக்கிரம்"னு மட்டும்தான் சொன்னேன். அவரு என் மூஞ்ச பாத்தாரு, பாப்பாவ பாத்தாரு. "எத்தன ஸ்பூன்மா?" அவ்ளோதான் கேட்டாரு. மூணுன்னேன். எவர்சில்வர் டம்ளர்ல மூணு ஸ்பூன் போட்டு, சீக்கிரம் கரையணும்னு பாய்லர்லேர்ந்து கொஞ்சூண்டு சுடுதண்ணி விட்டு கலக்கி, அப்புறம் கேன்லேர்ந்து பச்சத்தண்ணி ஊத்தி, டீ ஆத்தற மாதிரியே ரெண்டு தடவ கையை தூக்கி ஆத்தி, புறங்கையில ரெண்டு சொட்டு விட்டு சூடு பாத்துட்டுதான் என் கையில கொடுத்தாரு. இவ்ளோவும் நான் இத டைப் பண்ற நேரத்துல பாதி கூட இருக்காது. பின்னாடி பத்து பேர் டீக்கு நிக்கறாங்க.

சர்க்கரை யாரு கேட்டாலும் கொடுப்பாங்கதான். ஆனா அதுக்கப்புறம் அவரு ஒண்ணு பண்ணாரு பாருங்க. கடை முன்னாடி சுருட்டி கட்டியிருந்த நீல தார்ப்பாய அவுத்து எங்க பக்கம் மட்டும் இறக்கி விட்டாரு. "இந்தப் பக்கம் ஒழுகுது சார், அங்கிட்டு வாங்க"ன்னு கூட்டத்த திருப்பி விட்டாரு. ஒரு சொட்டு கூட ஒழுகல. நான் மேல பாத்தேன், ஒழுகல. எங்களுக்கு முதுக காமிச்சிட்டு அவரு பாட்டுக்கு டீ போட ஆரம்பிச்சிட்டாரு.

இது எவ்ளோ பெரிய விஷயம்னு டைப் 1 குழந்தை வெச்சிருக்கவங்களுக்குத்தான் தெரியும். பாப்பாவுக்கு ஊசி வலிக்கறது கூட இப்போ பழகிடுச்சு, நாலு பேர் சுத்தி நின்னு பாக்கறதுதான் பழகல. விரல்ல குத்திப் பாக்கறப்போ "என்னாச்சு, என்னாச்சு"ன்னு எட்டிப் பாப்பாங்க, சொன்னா "அய்யோ இந்த வயசுல சுகரா, நிறைய சாக்லேட் சாப்பிடுவாளா"ன்னு கேப்பாங்க. இல்லீங்க. சாக்லேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லயெல்லாம் அழிச்சிடுது, அதனால வெளியிலேர்ந்து இன்சுலின் போட்டே ஆகணும், நாங்க கொடுத்ததாலயும் வரல, கொடுக்காததாலயும் வரல. இத எத்தன கல்யாண வீட்ல, எத்தன லிஃப்ட்ல சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சொல்றப்பல்லாம் அவ என் புடவைக்கு பின்னாடி போயிடுவா. அன்னிக்கு அந்த தார்ப்பாய்க்கு பின்னாடி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. அவ என் மடியில சாஞ்சு அந்த டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு குடிச்சா, கை நடுங்கி கொஞ்சம் கவுன்ல ஊத்திக்கிட்டா, பரவால்லடான்னேன், அவ்ளோதான் நாங்க பேசினது.

டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப குத்திப் பாத்தேன். 94. அப்போதான் எனக்கு அழுகை வந்துச்சு.

அந்த அண்ணா அப்போதான் திரும்பினாரு. "பாப்பாவுக்கு கொடுக்கலாமா, என்ன சாப்பிடும்"னு என்கிட்ட கேக்கல. நேரா அவகிட்ட, "என்னம்மா, பசிக்குதா? பன்னு இருக்கு, பிஸ்கட் இருக்கு, எது வேணும்?" இந்த ஒரு வருஷமா எல்லாரும் அவள பக்கத்துல வெச்சுக்கிட்டே "இவ சாப்பிடலாமா"ன்னு என்கிட்டதான் கேக்கறாங்க. அவ என்ன பாத்தா, நான் தலையாட்டினேன், "பன்னு"ன்னா. பட்டர் தடவி கொடுத்தாரு. லோவுக்கப்புறம் இப்படி ஏதாவது கொஞ்சம் உள்ள போனாத்தான் சுகர் மறுபடி எறங்காம நிக்கும், அவருக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்குமான்னு தெரியல, பசிச்ச புள்ளைக்கு பன்னு, அவ்ளோதான்னு நெனச்சிருப்பாரு. டீக்கும் பன்னுக்கும் காசு வாங்கிக்கிட்டாரு, சக்கரத் தண்ணிக்கு வாங்கல. "தண்ணிக்கெல்லாம் எதுக்கும்மா."

மத்தவங்களையும் மறக்கல. டெய்ரி மில்க் நீட்டின காலேஜ் தம்பி (லோ ஆனா சாக்லேட் மெதுவாத்தான் ஏறும்பா, அதுல இருக்கற கொழுப்பு அப்படி, அதான் வாங்கல, தப்பா நெனச்சுக்காத), துப்பட்டாவ அவுத்து பாப்பா தலைய தொவட்டி விட்ட அக்கா, கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடிப்போயி இவர தேடி கூட்டிட்டு வந்த செக்யூரிட்டி அண்ணன், ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்லேர்ந்து கொடைய பிடிச்சுக்கிட்டு வந்த சிஸ்டர், போன்லயே பதட்டப்படாம பேசின எங்க டாக்டர், கேக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் முழிச்சிருந்த எங்க மாமியார். உங்க எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி. பான்டிங் தாத்தாவுக்கும் சேத்துத்தான். 1922 ஜனவரில டொரண்டோல பதினாலு வயசு பையனுக்கு மொத தடவ அந்த ஊசிய போட்டாங்க, அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த குழந்தைங்கள பட்டினி போட்டு கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கறதுதான் வைத்தியமா இருந்துச்சு. அத படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

ராத்திரி கேக் வெட்டினோம். ஆமா, சாப்பிட்டா, கார்ப் (மாவுச்சத்து) கணக்கு போட்டு ஊசி போட்டுட்டு ரெண்டு பீஸ் சாப்பிட்டா.

இனிமே நான் ஒண்ணு பண்ணப் போறேன். "இவ சாப்பிடலாமா"ன்னு யாரு கேட்டாலும், அது எங்க பெரியப்பாவா இருந்தாலும் சரி, "அவகிட்டயே கேளுங்க"ன்னு சொல்லப் போறேன். கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்கட்டும். அவளுக்கு கணக்கு தெரியும், எனக்கு முன்னாடி அவ சொல்லிடுவா இட்லிக்கு எவ்ளோ, பன்னுக்கு எவ்ளோன்னு. அடுத்த பொறந்தநாளுக்கும் அங்கதான் போகணுமாம், மழை பெஞ்சாலும். ராட்டினத்துக்கு இல்ல, பன்னுக்காம்.

அண்ணா, உங்க பேரு கூட கேக்கல நான், அந்த அவசரத்துல தோணல. நீங்க இதெல்லாம் போன்ல படிப்பீங்களான்னும் தெரியல. உங்கள்ல யாராவது அந்தப் பக்கம் போனீங்கன்னா, டேஷிங் காருக்கு எதிர்க்க தகர ஷெட், நீல தார்ப்பாய், லேசா நரைச்ச மீசை, அவருதான். ஒரு டீ சொல்லிட்டு, கூட்டம் கொறைஞ்ச நேரமா பாத்து இத அவருக்கு படிச்சுக் காமிங்க. ஒழுகவே இல்லன்னு எனக்குத் தெரியும்னு மறக்காம சொல்லிடுங்க.