அமைதிக் குழுவில் யாருக்கு இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதக் கலவரம் ஓய்ந்தபின் கட்சிக்காரர்களையும் மதத் தலைவர்களையும் உட்காரவைத்துப் படம் எடுப்பதற்குப் பெயர் அமைதிக் குழு! 1970, 1984 கலவரங்களில் எரிந்த மகாராஷ்டிர விசைத்தறி நகரம் பிவண்டி. அங்கே 1988 முதல் காவல் அதிகாரி சுரேஷ் கோபடே பேட்டைதோறும் மொஹல்லா குழு, அதாவது பேட்டைவாசிகளின் அமைதிக் குழு அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சரிபாதி. சாதாரணத் தெருவாசிகளுக்கே இடம். 1992-93இல் பக்கத்து மும்பை பற்றியெரிந்தும் பிவண்டி பெருங்கலவரமின்றித் தப்பியது.

இத்தகைய குழு வருடம் முழுக்கக் கூடி, குழாயடிச் சண்டை, பாதைத் தகராறு போன்றவற்றைப் பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பழக்கம் இருந்தால்தான் வதந்தி கிளம்பும் இரவில் எதிர்த்தெருக்காரரை நம்பி போன் போட முடியும். அதிகாரி மாறினால் கூட்டம் நின்றுபோகும். எனவே கூட்ட நாளையும் பெண்கள், இளைஞர்களுக்கான இடங்களையும் அரசாணையிலேயே எழுதிவிடுவது நல்லது. துப்புச் சொல்லும் வேலையை மட்டும் குழுவின் தலையில் கட்டக்கூடாது. கட்டினால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.