மதினிக்கு: பரணில் இருக்கும் அந்தத் தையல் பெட்டி

அன்புள்ள மதினிக்கு,

"அம்மாவோட தையல் பெட்டியத் திறக்கவே மனசு வரமாட்டேங்குது"ன்னு போனில் சொன்னீங்க. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். இப்படி ஒரு பெட்டி பல வீட்டுப் பரணில் இருக்கும், அவர்களும் படிக்கட்டும்.

சித்திரையில் என் பீரோவை ஒழித்தேன். மதுரை புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலத்தில் வாங்கிய லேஸும் ஜமிக்கியும் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தன. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியே வருஷங்கள் ஆகிவிட்டன. ரவிக்கைத் துணி மட்டும் 43. வளைகாப்பு, கொலு, கிரகப்பிரவேசம் என்று தாம்பூலத்தோடு வந்தவை. தைத்துப் போட முடியாத மெல்லிய பாலியஸ்டர்தான் பாதிக்கு மேல்.

எலாஸ்டிக்கை இழுத்தேன், மொறமொறவென்று நொறுங்கியது. நூல்கண்டுகளில் சில, ஒரு முழம் எடுத்து லேசாகச் சுண்டினாலே அறுந்தன. அந்த நூலை மிஷினில் கோத்தால் நாலு தையலுக்கு ஒருமுறை அறுந்து உயிரை வாங்கும். பிளாஸ்டிக் கவரில், அந்துருண்டையோடு வைத்திருந்த ஜரிகை லேஸ் கறுத்துவிட்டது. என் அம்மா எனக்காக ஆசையாக வாங்கித் தந்த லேஸ் அது. உட்கார்ந்து அழுதேன் மதினி. வாங்கிய வருஷமே ஒரு பாவாடையில் வைத்துத் தைத்திருந்தால் யாராவது ஒரு பிள்ளை உடுத்தியிருக்கும்.

மிச்சத்தை மூட்டை கட்டி, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோனேன். பட்டனும் நூலும்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்த டீச்சர் முதலில் கையில் எடுத்தது அந்தப் பாலியஸ்டர் ரவிக்கைத் துணிகளை! அங்கே பிள்ளைகள் செய்தித்தாளில்தான் வெட்டிப் பழகுகிறார்கள். பேப்பருக்கு நேர் இழை, கிராஸ் (இழைக்குச் சாய்வாக வெட்டுவது) எதுவும் கிடையாது. துணியைக் கிராஸில் வெட்டினால் எப்படி இழுபடும், உடம்பு வளைவுக்காக டாட் மடிப்புப் பிடித்தால் எங்கே உப்பும் என்பதெல்லாம் துணியில் கத்தரி வைத்தால்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கிய துணியென்றால் கை நடுங்குகிறது. கெட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய துணிதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கிறது. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் தையல் தெரியும் என்ற சான்றிதழ் வேண்டும். அதற்குப் பழக வேண்டும், பழகத் துணி வேண்டும். நம் பீரோவில் மடிப்பு வெளுத்துக் கிடப்பது அந்தத் துணிதான்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். நூலைச் சுண்டிப் பாருங்கள், அறுந்தால் குப்பைக்கு. துருப்பிடித்த ஊசியும் கொக்கியும் யாருக்கும் வேண்டாம், புதுத் துணியில் கறை ஏற்றிவிடும். துணியை ஒருமுறை அலசிக் காயவைத்துக் கொடுங்கள், அந்துருண்டை வாடை போகட்டும். லைனிங், ஃபால்ஸ், கேன்வாஸ், ஜிப், பாபின் எல்லாம் தனித்தனிக் கவரில் இருந்தால் வாங்குகிறவர்களுக்குச் சிரமமில்லை. அரை மீட்டருக்குக் குறைந்த வெட்டுத் துணியும் ஆகும். ஓரத்துக்குப் பைப்பிங் வெட்டவும், பட்டனுக்குக் காஜா எடுத்துப் பழகவும் அது போதும். கொண்டுபோகும் முன் என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையின், அதான் உங்கள் அம்மாவின், கத்தரிக்கோலை மட்டும் கொடுக்க வேண்டாம். அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பிடி அது. எனக்கு முதல் பாவாடை வெட்டித் தந்ததும் அதில்தான். அளவு நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் உங்கள் சின்ன வயசு அளவெல்லாம் இருக்கும்.

கொலு வந்தால் இன்னும் பத்து ரவிக்கைத் துணி சேர்ந்துவிடும். அதற்கு முன்னால், ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு நான் வருகிறேன். அண்ணனிடம் சொல்லி, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மட்டும் வையுங்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து திறப்போம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்