செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு 4 முறை கூடியது. பொதுக்குழு உரிய காலத்தில் நடந்தது. எடைத் தராசு பழுது பார்க்கப்பட்டது.

ஆண்டின் பெரும்பகுதி நார் பதனிடும் தொட்டிக்கே சென்றது. அது எதற்கு என்ற கேள்வி இன்னும் எழுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாழையோ சணலோ, நாருக்கு வலு தரும் செல்லுலோஸைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின், மெழுகு எல்லாம் படிந்திருக்கும். ஹெமிசெல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும். மெழுகு, நாரோடு சேர்த்து வார்க்கும் எபாக்சிப் பிசினை ஒட்டவிடாது. காஸ்டிக் சோடா என்ற காரத்தின் 5 சதவீதக் கரைசல், செல்லுலோஸைச் சுற்றியுள்ள இவற்றில் ஒரு பகுதியைக் கழற்றிவிடும். நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பிசின் நன்றாகப் பிடிக்கும்.

1 கிலோ உலர்ந்த நாருக்கு 20 லிட்டர் கரைசல், அதில் 1 கிலோ சோடா. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். சாதாரண வெப்பத்தில் 2 முதல் 4 மணி நேரம் ஊறினால் போதும். பிறகு அலசி, 1 சதவீத அசெட்டிக் அமிலத்தில் முக்கி, பிஹெச் 7, அதாவது காரமும் அமிலமும் அற்ற நடுநிலை, வரும்வரை மறுபடி அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

நார் பொடிந்துபோனதாக வந்த புகார்களுக்குத் தொட்டியோ முறையோ காரணம் அல்ல. தொட்டியைக் கவனிக்கும் முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் வராததால், மாலையில் எடுக்க வேண்டிய நார் விடியும்வரை காரத்திலேயே கிடந்தது. அவ்வளவு நேரம் ஊறினால் இழைகளைக் கட்டி நிறுத்தும் பொருள் போய், செல்லுலோஸும் சிதையத் தொடங்கும். இன்னொரு கட்டு நாருக்கு அமில அலசலையே விட்டுவிட்டார்கள். நாருக்குள் தங்கிய காரம் அதை மஞ்சளாக்கி முறுகச் செய்தது. சோடா மூட்டையைக் கட்டாமல் போட்டதும் நடந்தது. திறந்து கிடக்கும் சோடா காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிச் சலவைச் சோடாவாக மாறிவிடும். பிறகு எடை சரியாக இருந்தும் கரைசலில் வீரியம் இருக்காது. மூன்றும் ஆள் இருந்திருந்தால் நேராத பிழைகள்.

வரவு செலவு ஏறத்தாழ ஈடாகியுள்ளது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா நிலுவை மட்டும் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. தொட்டியில் நார் போட்டு எடுத்துச் சென்றவர்கள் சிலரும் அந்தப் பட்டியலில் உள்ளனர் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இடம் தந்தவர்களுக்கும், தண்ணீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சிலேன் என்ற சிலிக்கான் சேர்மப் பூச்சைச் சோதிக்க எண்ணம். காரத்தில் பதனிட்ட நாரை, சிலேன் கரைத்த, பிஹெச் 4 முதல் 5 வரையுள்ள ஆல்கஹால், தண்ணீர் கலவையில் நனைக்கும் முறை அது. நாருக்கும் பிசினுக்கும் பாலம் போடும். அதற்குமுன் காரக் கழிவுநீரை அமிலம் சேர்த்துச் சமன் செய்ய இரண்டாவது தொட்டி வேண்டும். அது இல்லாமல் இந்தப் பணியைத் தொடர்வது முறையல்ல. புதிய முறைப்பட்டியலும் நிலுவைப் பட்டியலும் வாசலருகே மேசையில் உள்ளன. கூட்டம் கலையுமுன் இரண்டையும் பார்த்துச் செல்லுங்கள்.

செயலாளர்