களப்பணிச் சான்றிதழ் கேட்கும் ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். என் ஆய்வுச் சுருக்கம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம் உங்களுக்கே தெரியும்: களப்பணிச் சான்றிதழ் இல்லை. அந்தப் படிவத்தில் ஆய்விடத்தின் மாவட்டம், வட்டம், கிராமம் எழுத வேண்டும்; நான் அங்கே நிற்கும் நான்கு புகைப்படங்களை ஒட்ட வேண்டும். நான் செய்வது கோள்களின் நிலவடிவ ஆய்வு; என் ஆய்விடம் செவ்வாய்க் கோளில் இருக்கும் ஜெசிரோ பள்ளம்.

முதல் முறை விளக்கக் கடிதம் கொடுத்தேன். இரண்டாம் முறை என் வழிகாட்டியும் கையெழுத்திட்டார். மூன்றாம் முறை அலுவலகத்தில் ஒருவர், என்மேல் இரக்கப்பட்டுத்தான், "ஏற்காடு பக்கம் போய் நாலு போட்டோ எடுத்து ஒட்டிடும்மா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்து வந்தவளுக்கு, பட்டத்துக்கு வழி ஒரு பொய்ப் படம்தான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அவரைக் குறை சொல்லவில்லை. அந்த விதிதான் அவரை அப்படிப் பேச வைத்தது.

நேரில் போகாத ஆய்வு புவியியல் ஆகாது என்று குழுவில் பேசப்பட்டதாக அறிந்தேன். 1999 முதல் 2001 வரை மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் லேசர் கொண்டு செவ்வாயில் 60 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளில் உயரம் அளந்தது. அந்த உயரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களோடு ஒப்பிட்டால் சரிவு, சரிவின் திசை, வளைவு மூன்றும் கணக்கில் வந்துவிடும். நீங்கள் எங்களுக்குப் பாலாற்றுப் படுகையை வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே கணக்குதான்.

ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் தப்பாகிவிடும். நம் ஊர் ஆற்றுப் படுகை என்றால், நீரோட்டக் கணக்கு தடைபடாமலிருக்க முதலில் தரவிலுள்ள குழிகளை நிரப்புவோம். செவ்வாயில் அதைச் செய்தால் விண்கல் விழுந்த பள்ளங்களே காணாமல் போகும். பூமியில் ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர், செவ்வாயில் 59தான். மென்பொருளில் பூமியின் ஆரத்தை மாற்றாமல் விட்டால் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரியும். உயரத்தை எதிலிருந்து அளப்பது என்றால், கடல் மட்டமும் அங்கே கிடையாது. இதையெல்லாம் யோசித்து யோசித்துத்தான் நான் நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஜெசிரோவில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. கரையை உடைத்துத் தண்ணீர் வெளியேறிய கால்வாயின் உயரத்தை வைத்து, அது எதுவரை நிரம்பியிருக்கும் என்று அங்கே எதுவும் இறங்கும் முன்பே கணக்கிட்டார்கள். மேற்கே இருப்பது டெல்டா என்றும் சொன்னார்கள். 2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் அங்கே இறங்கியது. அது அனுப்பிய படங்களில் டெல்டாவுக்கே உரிய சாய்ந்த அடுக்குகள் தெரிந்தன.

அதனால் கேட்கிறேன்: கோள்களின் நிலவடிவ ஆய்வுக்குக் களப்பணிச் சான்றிதழிலிருந்து விலக்கு கொடுங்கள். சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. செவ்வாயைச் சுற்றும் ஐரோப்பிய விண்கலமான மார்ஸ் எக்ஸ்பிரஸின் படங்களிலிருந்து எடுத்த உயரத் தரவோடு ஒப்பிட்டு, பிழை எங்கே, எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு புகைப்படங்களைவிட அது கடினம். செய்து தருகிறேன்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து, நிலவு மண்ணைப் போல ஆக்கித்தான் இஸ்ரோ சோதனை செய்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் நிலவில் இறங்கியபோது நம் துறையில் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டோம். அந்த இறங்குமிடத்தையும் சரிவு, பள்ளம், பாறை பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்? சந்திரயான்-2 தரவு இலவசமாகவே கிடைக்கிறது. கணினியும் பொறுமையும் இருந்தால் கிராமத்துப் பிள்ளைகூட நிலவைப் படிக்கலாம். அப்படி வருகிறவர்களிடம் நாம் வட்டம் எது, கிராமம் எது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சரி, வருத்தத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்த விலக்கை எடுத்துப் பேசி முடிவு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அடுத்த ஆண்டில் சேர்ந்த இரண்டு மாணவிகள் நிலவின் தென்துருவப் பகுதியை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு அந்தப் படிவம் போகும் முன் முடிவு வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் துறையின் முனைவர் பட்ட மாணவி