ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன்

தலவாக்கலை

அன்பின் செல்வம்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ராணி அக்காவின் மகளுக்கு ஆசிரியர் நியமனமும் கிடைத்துவிட்டது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். இக்கடிதம் முழுவதும் உன் பழைய மொரிஸ் மைனர் காரைப் பற்றியது.

போன வாரம் ஹட்டனில் உன் தம்பியைச் சந்தித்தேன். விடியற்காலையில் வண்டி முனகுவதாகவும், புதுப் பற்றரி போட்டும் பயனில்லை என்றும், பண்டாரவளையில் ஒரு கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஜப்பான் வண்டியின் மோட்டாரைப் பொருத்த நாள் குறித்திருக்கிறாய் என்றும், அதுவும் சரிவராவிட்டால் வண்டியையே விற்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய் என்றும் கூறினான். வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த 2020க்குப் பிந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் வந்து கேட்டும் கொடுக்காதவன் நீ! ஆனால் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது அவன் போகிற போக்கில் சொன்ன வேறொன்று: இறக்கத்தில் உருட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறதாம்.

செல்வம், அந்த ஒரு செய்தியிலேயே கோளாறு பாதி பிடிபட்டுவிடுகிறது. இறக்கத்தில் உருளும்போது எஞ்சினைச் சுழற்றுவது சில்லுகள். அப்போது மின்சாரத்துக்கு உள்ள வேலை பொறியை உண்டாக்கும் கொயிலுக்குச் சில ஆம்பியர்களைக் கொடுப்பது மட்டுமே. அந்நேரத்தில் தயங்காமல் பிடிக்கிறதென்றால் கொயில், பொயின்ட், கண்டென்சர், பிளக், கார்புரேட்டர் ஆகியவற்றின் மீது பழி போட இடமில்லை. ஸ்டார்ட்டரால் சுழற்றும்போதோ நூறு ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். அவ்வளவு மின்னோட்டம் செல்லும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே போதும். 150 ஆம்பியர் பாயும் வேளையில் 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அந்தத் தடை எஞ்சினின் எர்த் பக்கத்தில், அதாவது எஞ்சினையும் வண்டியின் இரும்பையும் பற்றரியோடு இணைக்கும் பாதையில் இருந்தால், கொயிலின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பொயின்ட்டும் அதே எஞ்சின் வழியாகத்தான் எர்த் ஆகிறது என்பதால், கொயிலுக்கும் அந்த 3 வோல்ட் குறைகிறது. எண்ணெய் தடித்து, பற்றரியின் வலுவும் இறங்கியிருக்கும் நம் மலைக்குளிரில், மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு நலிந்த பொறியும் சேர்ந்தால் எப்படிப் பிடிக்கும்?

என்னுடையதும் மைனர்தான், குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்வது. அதுவும் கடந்த மாரி முழுவதும் இப்படித்தான் படுத்தியது. ஒரு நாள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் முனகியது, வெளிச்சமோ அவ்வளவாக மங்கவில்லை. பற்றரி செத்திருந்தால் வெளிச்சமும் கூடவே செத்திருக்கும். பிறகு மல்டிமீட்டரின் ஓர் ஊசியைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் சுரண்டிய இரும்பிலும் வைத்துக்கொண்டு, மகனைக் குமிழை இழுக்கச் சொன்னேன். 2.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடம் அது. நல்ல வண்டியில் 0.2 அளவிலேயே நின்றுவிடும். எஞ்சினில் இருந்த ஊசியை எடுத்துப் பொடியின், அதாவது வண்டிக் கூட்டின், இரும்பில் வைத்தேன், 0.1 மட்டுமே. ஆகவே பற்றரியிலிருந்து பொடி வரை பாதை சுத்தம், பொடிக்கும் எஞ்சினுக்கும் இடையில்தான் அடைப்பு என்பது தெளிவாயிற்று.

மைனரின் எஞ்சினும் கியர்பெட்டியும் றப்பர் மவுண்டுகளின் மேல் இருப்பவை. றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் கியர்பெட்டியையும் பொடியையும் இணைத்து ஒரு பின்னிய செம்புப் பட்டையைப் போட்டிருக்கிறார்கள். என் வண்டியில் அந்தப் பட்டை பச்சை பூத்து, எண்ணெயில் ஊறி, முனையில் சில இழைகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, முன்பு கியர்பெட்டியை இறக்கியவர்கள் புதுப் பெயின்டின் மேலேயே அதை முறுக்கி வைத்திருந்தார்கள். இவ்வளவு இருந்தும், அதற்கு முன் பார்த்த மெக்கானிக் மீட்டர் பீப் என்று ஒலித்ததைக் கேட்டுவிட்டுப் பட்டை நல்லது என்று சொல்லிப் போயிருந்தார். ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் ஒலிக்கத்தான் செய்யும். ஒற்றையடிப் பாதையில் ஒருவன் நடந்துபோய்விட்டான் என்பதற்காக அதிலே கொழுந்து லொறி போய்விடுமா? ஸ்டார்ட்டர் இழுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில வினாடிகளில் அளந்தால் மட்டுமே உண்மை வெளிப்படும். இதைக் கராஜ்காரர்கள் ஏன் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறையாகவே இருக்கிறது. பற்றரி, ஸ்டார்ட்டர், கொயில் என்று வரிசையாக மாற்றச் சொல்வதற்கு ஆகும் நேரத்தில் பாதிகூட இதற்கு ஆகாது.

இதைவிட என் தூக்கத்தைக் கெடுத்த விடயம் ஒன்று உண்டு. பட்டை செத்துவிட்டால் மின்சாரம் எஞ்சினையும் பொடியையும் தொடுத்திருக்கும் வேறு உலோகத்தின் வழியே திரும்பப் பார்க்கும். மைனரில் அப்படித் தொடுத்திருப்பவை சோக் கேபிளும் அக்சிலேட்டர் கேபிளும். ஸ்டார்ட்டரை இழுத்து முடித்ததும் சோக் கேபிளைத் தொட்ட மகன் கையை உதறினான், அவ்வளவு சூடு. அது போய் முடிவது பெற்றோல் நிற்கும் கார்புரேட்டரில். உன் வண்டியில்தான் தங்கச்சி பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறாள். ஆகவே மீட்டர் கைக்கு வரும்வரை காத்திராமல், நாளைக் காலையிலேயே ஸ்டார்ட்டரைச் சுழற்றிய கையோடு சோக் கேபிளைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் பட்டை மாற்றும்வரை அந்த ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தவே வேண்டாம்.

இறக்கத்தில் நிறுத்திப் பழகியதால்தான் நம் ஊர்களில் இக்கோளாறு ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ்கிறது. முற்றமெல்லாம் சரிவு, சில்லுக்குக் கல்லை வைத்துவிட்டுப் போனால் காலையில் கல்லை எடுப்பதே ஸ்டார்ட் செய்வதாகிவிடுகிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் எஞ்சினைப் போடாமலே இரவெல்லாம் தள்ளித் தள்ளி நகர்ந்தோமே, அன்றும் உன் வண்டி ஒழுங்காகச் சுழலவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. லிந்துலைக் கல்யாண வீட்டு இரவை நான் இங்கே இழுக்கவில்லை, நீயாகவே நினைத்துக்கொள்வாய்.

உன்னுடையது 1098 சிசி, சாவியிலேயே ஸ்டார்ட் ஆவது. ஆகவே எர்த் பக்கம் அளந்தபின் மற்றப் பக்கத்தையும் அளந்துவிடு: பற்றரியின் எர்த் அல்லாத முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த வயர் முனைக்கும் இடையே, சுழலும்போது, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டின் இரண்டு தடித்த முனைகளுக்கு இடையே அளந்து பார், 0.3ஐத் தாண்டினால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. அளக்கும்போது கியரை நியூட்ரலில் வைத்து, சில்லுகளுக்குக் கல் வைத்து, எஞ்சின் பிடித்துவிடாதபடி கொயிலுக்கு வரும் சிறிய வயரைக் கழற்றிவிடு. பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாதே.

முக்கியமான ஒன்று: உன் வண்டியில் இன்னும் பொசிட்டிவ்தான் எர்த். வான்காரர் எவராவது உதவி செய்வதாகச் சொல்லி ஜம்பர் வயரைக் கொண்டுவந்தால், பொசிட்டிவை பொசிட்டிவோடும் நெகட்டிவை நெகட்டிவோடும் நீயே கொடுக்க வேண்டும். இரண்டு வண்டிகளின் இரும்பும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஜம்பர் வயர் மாட்டியிருக்கும்போது எதிர் எர்த் உள்ள வண்டிகள் பம்பரோடு பம்பர் முட்டினால் அதுவே ஷோர்ட்.

நான் புதுப் பட்டை வாங்கி, இரண்டு முனையிலும் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முறுக்கி, அதன் மேலே கிரீஸ் தடவினேன். இப்போது அதே இடத்தில் 0.15 வோல்ட்தான் காட்டுகிறது. பனி கொட்டும் காலையிலும் குமிழை இழுத்த உடனே எஞ்சின் துள்ளி எழுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை உன்னைத் தவிர வேறு யாருக்கு எழுதுவேன்?

உன் வண்டியிலும் கட்டாயம் பட்டைதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எர்த் பக்கமும் மற்றப் பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தும், பற்றரி 12.6 வோல்ட்டில் நின்றும் எஞ்சின் முனகினால், அப்போது ஸ்டார்ட்டரைக் கழற்று. அப்போதும் ஜப்பான் மோட்டார் வேண்டாம். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, தண்டைத் தாங்கும் புஷ் ஆடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல். கராஜுக்குக் கொடுத்த நாளைத் தள்ளிவைத்துவிட்டு, அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஞாயிறு மாலை எனக்கு அழை. நான் வீட்டில்தான் இருப்பேன். மீட்டர் கிடைக்காவிட்டால் அதையும் சொல், என்னுடையதை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மணி