கோளாறு உள்ள மோட்டாரைக் கொடுத்துத் தேர்வு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலையில் மோட்டார் வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் வேலை பழக வருகிறார்கள். படத்தைப் பார்த்து வயரிங் செய்யச் சொன்னால் பிசகாமல் செய்கிறார்கள். ஆனால் கோளாறு என்று ஒரு மோட்டார் வந்துவிட்டால், உடனே எதையாவது மாற்றத்தான் கை போகிறது. ஏன் கோளாறு ஆனது என்று பிரித்து யோசிக்கும் பழக்கம் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

திங்கள்நகர் பக்கம் ஒரு வீட்டில் கிணற்று மோட்டார் சுற்றாமல் முனகிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து, மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டரை மாற்றுவார்கள். கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அதே கதை. கடைசியில் வைண்டிங் போய்விட்டது, புதிதாகக் கட்டவேண்டும் என்று சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். நான் மோட்டாரைக் கழற்றவில்லை. "அக்கா, எப்பவாவது ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டேன். "விடியக்காலையில ஒரு கொழப்பமும் இல்ல. சாயங்காலம்தான் இப்படி" என்றார்.

வைண்டிங் போயிருந்தால் விடியற்காலையிலும் ஓடாதே. மெயினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினேன், லேசாகச் சுற்றியது. அப்போ பேரிங்கோ, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரோ இறுகிப் பிடிக்கவில்லை. மிச்சம் இருப்பது கரண்ட் வரும் வழி. சாயங்காலம் மோட்டாரைப் போட்டு மீட்டர் வைத்தோம். வீட்டு போர்டில் 210 வோல்ட், கிணற்றடியில் 160. நடுவில்தான் 50 வோல்ட் காணாமல் போகிறது. வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தால், தென்னை மூட்டில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றிய இடம். பிரித்தால் செம்பு கருகிக் கிடந்தது. விடியற்காலையில் லைனில் வோல்டேஜ் கூடுதலாக இருக்கும், அந்த இழப்பையும் தாங்கி மோட்டார் எடுத்துவிடும். சாயங்காலம் எடுக்க முடியாமல் திணறும், கெபாசிட்டர் சூடேறிப் போகும். ஒட்டு இல்லாத நல்ல வயர் போட்டோம், தீர்ந்தது.

பகுத்தாராய்வது என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் இதுதான். முழுசாக நிற்கும் ஒரு பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எங்கே சரியாக இருக்கிறது, எங்கிருந்து கெடுகிறது என்று எல்லை கட்டுவது. கெட்ட இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். கெடாத இடத்தையும் கேட்கவேண்டும்.

1854-இல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் செய்ததும் இதே வேலைதான். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பிய காலம். அவர் செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலும் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றியே இருந்தன. அதோடு விடவில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகள் ஏன் சாகவில்லை என்று விசாரித்தார். அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவைப் பெண் இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அங்கிருந்து வரவழைத்துக் குடித்தவர் அவர். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் குறையத் தொடங்கியிருந்ததையும் ஸ்நோ மறைக்கவில்லை. தனக்குப் பாதகமாக இருக்கிறதே என்று அதை அமுக்கிவைக்காத அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராபர்ட் கோக் காலராக் கிருமியை அடையாளம் காட்டியது 1880-களில்தான்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். பேச்சிப்பாறை அணை திறந்தும் கால்வாயின் கடைசியில் உள்ள கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்று கன்னிப்பூ நெல் சாகுபடி நேரத்தில் குரல் எழும். விவசாயிகள் அதிகாரிகளைச் சொல்வார்கள், அதிகாரிகள் மேல்பகுதிக்காரர்களைச் சொல்வார்கள். கால்வாய்க் கரையில் இரண்டு தரப்பும் சேர்ந்து நடந்தால், கடைசியாகத் தண்ணீர் நிறைந்து போகும் மடை ஒன்று இருக்கும், முதலில் வற்றிப்போன மடை ஒன்று இருக்கும். காரணம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். மண் அடைப்போ, உடைந்த ஷட்டரோ, கரையில் ஓட்டையோ, கண்ணால் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஒரு தெருவில் மஞ்சள்காமாலை வந்தாலும் அப்படியே. வந்த வீடுகளை எண்ணுகிறோம். அதே தெருவில் வராத வீட்டார் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

இதைப் பாடமாக எழுதி மனப்பாடம் செய்யவைத்தால் பிரயோசனம் இல்லை. ஐ.டி.ஐ. செய்முறைத் தேர்விலும் பள்ளி ஆய்வகத்திலும் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்த போர்டையோ மோட்டாரையோ கொடுங்கள். கோளாறைக் கண்டுபிடித்தால் பாதி மதிப்பெண் போதும். எதை முதலில் பார்த்தாய், எதை வைத்து எதைத் தள்ளினாய் என்று மாணவர் சொல்வதற்கு மீதிப் பாதி. விடை தவறினாலும் வழி சரியாக இருந்தால் அந்த மதிப்பெண் கிடைக்கட்டும்.

செலவு ஆகுமே என்று தயங்கவேண்டாம். கழித்துப் போட்ட மோட்டாரும் ஸ்டார்ட்டரும் எங்கள் பட்டறையிலேயே கிடக்கின்றன. எந்தப் பள்ளி கேட்டாலும் காசு வாங்காமல் தருகிறேன். கோளாறு வைத்துக் கொடுக்கவும் நானே வருகிறேன்.

மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.